எழுதுறவன் கணக்கு

எங்கள் இளைஞர் மன்றத்துக்குப் பந்தும் வலையும் வருவதற்கு முன்பே நோட்டுகள் வந்துவிட்டன. நேரு யுவ கேந்திராவில் மன்றத்தை இணைக்க விண்ணப்பம் கேட்டுப் போனபோது, எத்தனை பேர் விளையாடுவீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. தீர்மானப் புத்தகம் இருக்கிறதா, உறுப்பினர் பதிவேடு இருக்கிறதா, ரசீதுப் புத்தகம் அச்சடித்தாயிற்றா, ரொக்கக் கணக்கு யார் எழுதுவது என்றுதான் கேட்டார்கள். 1990-களின் தொடக்கம் அது. கூனிமேடு அன்றைக்குத் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. எந்தக் காகிதமானாலும் கடலூருக்குப் போக வேண்டும். புதுச்சேரி வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். 1972-ல் தொடங்கிய நேரு யுவ கேந்திரா 1987-ல் தன்னாட்சி அமைப்பாகியிருந்தது; தேசிய சேவைத் தொண்டர்கள் ஊர் ஊராகப் போய் மன்றம் அமைக்கச் சொன்ன காலம். எங்கள் பக்கம் சைக்கிளில் வந்த தொண்டர்தான் மரக்காணம் கடைவீதியில் எங்களோடு நின்று, சிவப்புத் துணி ஒட்டிய நீள நோட்டுகளை வாங்க வைத்தார்.

தலைவர் பதவிக்கு மூன்று பேர் நின்றார்கள். செயலாளர் பதவிக்கு ஆளே இல்லை. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என்னைப் போட்டார்கள். கூட்டத்தில் நான் சும்மா தலையாட்டினாலும், அந்த நோட்டு என் கைக்கு வர வேண்டும் என்று உள்ளுக்குள் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும். அதற்குக் காரணம் எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரில் இருந்தது.

அம்மா உப்பளத்துக்குப் போனவர். தூத்துக்குடி, வேதாரண்யம் என்று சொன்னால் அடுத்து மரக்காணத்தைச் சொல்வார்கள்; அத்தனை பெரிய அளம். தை மாதம் பாத்தி மிதித்துச் சரிசெய்வதில் தொடங்கி, மழை இறங்கும்வரை வேலை இருக்கும். விடியும் முன் டிராக்டரில் ஏறிப் போய், வெயில் ஏறுவதற்குள் பாத்தியிலிருந்து வாரி ஒதுக்கிய உப்பைக் கூடையில் அள்ளி, வரப்பு மேட்டில் அம்பாரமாகக் கொட்ட வேண்டும். ஈர உப்பு. கூடையிலிருந்து வழியும் நீர் கழுத்து வழியாக இறங்கி, முதுகில் வெள்ளைப் பொருக்காகக் காய்ந்திருக்கும். மூட்டை தைத்து லாரி ஏற்றும் நாட்களில் மூட்டைக் கணக்கில் கூலி. அந்த நாட்களில் அம்மா வீடு திரும்பியதும் முகம் கழுவும் முன்பே அடுப்படிச் சுவரில் கரிக்கட்டையால் கோடு போடுவார். ஐந்து கோடு ஒரு கட்டு. சனிக்கிழமை கூலி வாங்கும்போது சுவர் ஒரு கணக்குச் சொல்லும், மேஸ்திரியின் நோட்டு வேறு கணக்குச் சொல்லும். நோட்டில் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். ஒரு தடவை அம்மா தைரியமாகக் கேட்டுவிட்டார். “சுவத்துல கோடு போட்டா கணக்காயிடுமா?” என்று பதில் வந்தது. அன்று இரவு எனக்குச் சோறு போட்டுக்கொண்டே அம்மா சொன்னார்: “எழுதுறவன் எழுதுனதுதான்டா கணக்கு.” அழவில்லை, திட்டவில்லை. ஒரு தகவலைப் போலச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் நான் கற்றுக்கொண்டது எதுவும் இந்த அளவுக்கு என்னுள் இறங்கியதில்லை.

எழுத ஆசை இருந்ததே தவிர முறைப்படி கணக்கு எழுதத் தெரியாது. சொல்லிக்கொடுத்தவர் ஒரு கடைக்கார பாய். பள்ளிவாசல் தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருந்தார். கூனிமேட்டில் முஸ்லிம் குடும்பங்கள் நிறைய. ஊர்த்தெரு, பள்ளிவாசல் தெரு, காலனி, கடலோரம் குப்பம் என்று நாலு பக்கமும் ஆட்கள் உள்ள ஊர். இளைஞர் என்றால் அன்றைய விதிப்படி 15 முதல் 35 வயது வரை. பாய்க்கு அந்த வயது தாண்டிப் பல வருடம் ஆகியிருந்ததால் உறுப்பினராக முடியாது, ஆலோசகர் என்று எழுதிக்கொண்டோம். கடையில் கூட்டமில்லாத மதிய நேரத்தில் என்னை உட்கார வைப்பார்.

“தம்பி, மொதல்ல எல்லாப் பக்கத்துக்கும் நம்பர் போடு. அப்பறம்தான் முதல் வரி.”

ஒரு பக்கம்கூட எழுதாத நோட்டில் கடைசிப் பக்கம்வரை எண் போட்டு முடிக்க ஒரு மதியம் போனது. அடித்தல் வந்தால் மை பூசி மறைக்கக் கூடாது. ஒரே கோடு இழுத்து, பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். அடியில் என்ன இருந்தது என்று யார் வேண்டுமானாலும் படிக்க முடிய வேண்டும். தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுத வேண்டும். தீர்மானம் முடிந்ததும் மிச்ச இடத்தில் குறுக்குக் கோடு இழுத்து, அதற்குக் கீழே கையெழுத்துகள். இடம் விட்டால் நாளைக்கு ஒருவன் அங்கே ஒரு வரி சேர்ப்பான் என்பார் பாய். ரொக்கப் புத்தகத்தில் இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு, ஒவ்வொரு மாதக் கடைசியிலும் கையிருப்பு. கையிருப்பு என்று எழுதினால் அந்தப் பணம் அந்த நிமிடம் கண்ணால் பார்க்கும்படி இருக்க வேண்டும். மாதச் சந்தா ஐந்து ரூபாய்தான். அந்த ஐந்து ரூபாய்க்கும் ரசீது கிழித்துக் கொடுத்தோம். கபடிப் போட்டிக்கு மைக் செட் வாடகை, டியூப் லைட், மைதானத்தில் தெளிக்கத் தண்ணீர் வண்டி, நடுவருக்குச் சாப்பாடு என்று எல்லாவற்றுக்கும் வவுச்சர் எழுதி, வாங்கினவரிடம் கையெழுத்து வாங்கினோம். கையெழுத்துத் தெரியாதவரிடம் ரேகை. பாய் இன்று இல்லை. அவர் சொல்லிக்கொடுத்ததை நான் வேலை பார்த்த எந்த அலுவலகத்திலும் திருத்த வேண்டி வரவில்லை.

கடலோரத்தில் காகிதம் வைத்துக் காப்பாற்றுவது தனி வேலை. உப்புக்காற்றில் குண்டூசி ஆறு மாதம் தாங்காது. துருப்பிடித்து, குத்திய இடத்தைச் சுற்றிச் செம்பழுப்பாக வட்டம் விழுந்து, காகிதம் அந்த இடத்தில் அப்பளம்போல் உடையும். ஸ்டேப்ளர் பின்னும் அப்படியே. வவுச்சர்களை அதனால் கோணி ஊசியால் தைத்து நூலில் கட்டினேன். ஐப்பசி கார்த்திகையில் நோட்டின் அட்டை ஊறிப் பருக்கும். பேனா மை பின்பக்கம் கசியும். பந்துமுனைப் பேனாவில் மட்டும் எழுதுவது என்று ஒரு தீர்மானமே போட்டோம். வேப்பிலையைக் காயவைத்துப் போட்டு, உரச் சாக்கின் உள்பையில் சுற்றி, தகரப் பெட்டியில் வைத்தோம். சாவி ஒன்று என்னிடம், ஒன்று பொருளாளரிடம்.

பிறகு மன்றத்தைச் சங்கமாகப் பதிவு செய்தோம். 1975-ஆம் வருடத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் கையெழுத்துப் போட வேண்டும். துணைவிதிகள் எழுதி, ஆண்டுப் பொதுக்குழு எப்போது, கோரம் எத்தனை பேர் என்று முடிவு செய்து, பதிவாளர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தோம். இதற்கிடையில் மாவட்டமே மாறிவிட்டது. 1993 செப்டம்பர் 30-ல் தென்னார்க்காடு பிரிந்து விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டம் வந்தது. 1997-ல் மாவட்டங்களிலிருந்து தலைவர்கள் பெயர்களை எடுத்ததும் வெறும் விழுப்புரம் ஆனது. ஆயிரம் தாள் மொத்தமாக அச்சடித்து வைத்திருந்த எங்கள் லெட்டர் பேடில் ஒவ்வொரு முறையும் கோடு இழுத்து மேலே கையால் எழுதினோம். ரப்பர் ஸ்டாம்பில் மட்டும் பழைய ‘தெ.ஆ. மாவட்டம்’ நெடுநாள் இருந்தது.

நோட்டின் பலம் எங்களுக்கே தெரிய வந்தது மைதான விவகாரத்தில். புறம்போக்கு நிலத்தில் முள் வெட்டி, மேடு தட்டி, கைப்பந்து மைதானம் போட்டிருந்தோம். எல்லாத் தெருவும் சேர்ந்து செய்த வேலை. போட்டுமுடித்த பிறகு, காலனிப் பையன்கள் தனி நாளில் ஆடட்டும் என்று சிலர் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். முணுமுணுப்பாகவே இருந்தால் அது அப்படியே வழக்கமாகிவிடும் என்று தெரியும். எனவே கூட்டப் பொருளாக எழுதி, எல்லா வீட்டுக்கும் அழைப்புச் சுற்று அனுப்பி, கையெழுத்து வாங்கினேன். இரவு எட்டு மணிக்குத் தொடங்கிய கூட்டம் நள்ளிரவு தாண்டியது. சத்தம், நாற்காலி இழுபடும் ஓசை, இரண்டு பேர் வெளியே போய்த் திரும்பி வந்தார்கள். கடைசியில் கை தூக்கச் சொன்னோம். மைதானம் எல்லா உறுப்பினர்களுக்கும் எல்லா நாளும் பொது, அணி பிரிப்பது சீட்டுக் குலுக்கி என்று தீர்மானம் ஆனது. முன்மொழிந்தவர் குப்பத்துப் பையன், வழிமொழிந்தவர் பள்ளிவாசல் தெருக்காரர்.

எழுதும்போதுதான் அடுத்த சண்டை. ஊர்ப் பெரியவர் ஒருவர் அருகில் வந்து, “ஒருமனதான்னு எழுதிடு தம்பி, ஊருக்கு அழகா இருக்கும்” என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அங்கே ஒருமனது இல்லை. நான் ஆதரவு இத்தனை, எதிர்ப்பு இத்தனை என்று எழுதி, எதிர்த்தவர்கள் பெயரையும் அவர்கள் சொன்ன காரணத்தையும் அவர்கள் வார்த்தையிலேயே எழுதினேன். அவர்களிடமே வாசித்துக் காட்டி, “நீங்க சொன்னது இதுதானே?” என்று கேட்டேன். ஆமாம் என்று கையெழுத்துப் போட்டார்கள். தோற்றவர்கள் கையெழுத்து இருக்கும் தீர்மானத்துக்கு எவ்வளவு வலு என்று அப்போது எனக்கு முழுதாகத் தெரியாது. அவர்கள் பேச்சையும் மதித்து எழுதிவைக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

அடுத்த வருடம் நிர்வாகிகள் மாறினார்கள். அப்படி ஒரு தீர்மானமே போடவில்லை என்று பேச்சு கிளம்பியது. ஒருவர் நோட்டை வாங்கிப் பார்த்து, அந்தத் தாளைக் கிழித்துவிடலாம் என்று சொன்னது என் காதில் விழுந்தது. கிழித்தால் பக்க எண் இரண்டு குறையும். தைத்த நோட்டில் எதிர்த்தாளும் கழன்று வரும். பொதுக்குழுவில் சென்ற கூட்ட நடவடிக்கைகளை வாசிக்கச் சொன்னபோது அந்தப் பக்கத்தையும் சேர்த்து வாசித்தேன். எதிர்த்தவர்களில் ஒருவரே எழுந்து, “நான் எதிர்த்தது உண்மை. தீர்மானம் ஆனதும் உண்மை. என் கையெழுத்துதான் அது” என்றார். அந்த மனிதர்மீது எனக்கு இன்றும் மரியாதை. மைதானம் பொதுவாகவே இருந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமி வந்த அந்தக் காலையைப் பற்றி எழுதியவர்கள் பலர். நான் பார்த்ததைச் சொல்ல எனக்கு இன்னும் வராது. அதற்குப் பிறகு வந்த பட்டியல்களைப் பற்றிச் சொல்கிறேன். கடற்கரைக் குப்பங்களில் தலைக்கட்டு என்று ஒரு கணக்கு உண்டு. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. கோயில் வரி, திருவிழா வரி எல்லாம் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். ஊர்ப் பஞ்சாயத்தார் கையில் தயாராக இருந்த பெயர் வரிசை அதுதான். அந்தக் கடலோரம் முழுக்க நிவாரணப் பொருள்கள் பெரும்பாலும் அந்த வரிசையில்தான் இறங்கின. அவசரத்தில் வேறு வழியும் இல்லை. பல இடங்களில் பஞ்சாயத்தார் இரவு பகல் பாராமல் நியாயமாகப் பங்கிட்டார்கள். ஆனால் கணவனை இழந்த பெண் தலைக்கட்டு அல்ல. கணவன் விட்டுப் போனவளும் அல்ல. தலையில் மீன் கூடை சுமந்து ஊர் ஊராக விற்றவளுக்குப் படகு இல்லை, வலை இல்லை. எனவே இழந்ததாக எழுத எதுவும் இல்லை. உப்பளக் கூலிக்குப் போனவர்களும் இருளர் குடும்பங்களும் எந்தக் கணக்கிலும் வராமல் நின்றார்கள். ரேஷன் அட்டையைக் கடல் கொண்டுபோன பிறகு, நான் இந்த ஊர்தான் என்று ஒரு பெண் எதை வைத்து நிரூபிப்பாள்?

மன்றத்தின் தகரப் பெட்டி ஊர்த்தெருப் பக்கம் இருந்ததால் தப்பியது. அதில் எங்களுடைய மாலை வகுப்பு வருகைப் பதிவேடு ஒன்று கிடந்தது. அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின் அலை வீசிய வருடங்களில், குப்பத்துப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க அரிக்கேன் விளக்கில் நடத்திய வகுப்பு. வகுப்பு நெடுநாள் ஓடவில்லை. ஆனால் பதிவேட்டில் பெயர், வயது, தகப்பன் அல்லது கணவன் பெயர், கணவன் இல்லையென்றால் அதுவும், வீடு எந்த வரிசை என்று எல்லாம் இருந்தன. நோட்டை நிரப்ப வேண்டுமே என்று எழுதிய கட்டங்கள் அவை. அதை எடுத்துக்கொண்டு வீடு வீடாக, வீடு போன இடத்தில் ஆளாளாகப் போய்ச் சரிபார்த்தோம். அவசரக் கூட்டம் கூட்டி, விடுபட்டவர்கள் பெயர்களைத் தீர்மானத்தோடு இணைத்து, பழைய பதிவேட்டுப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து மனுவாகக் கொடுத்தோம். இரண்டாம் பிரதியில் ‘பெறப்பட்டது’ முத்திரையும் தேதியும் வாங்காமல் நகரவில்லை. எல்லோருக்கும் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். சிலருக்குக் கிடைத்தது. சிலருக்கு மாதக்கணக்கில் இழுத்தது. சிலர் பெயர் கடைசிவரை ஏறவில்லை. அந்தப் பெயர்களும் எங்கள் நோட்டில் இருக்கின்றன. பட்டியலில் பெயர் வந்த ஒரு கிழவி, மன்றத்துக்கு வந்து அந்தப் பழைய பதிவேட்டைக் கேட்டு வாங்கி, தன் பெயர் எது என்று விரல் வைத்துத் தேடினார். கண்டுபிடித்தார். வகுப்பில் படித்தது அவ்வளவுதான், ஆனால் தன் பெயர் படிக்க வந்திருந்தது.

பின்னர் சென்னையில் வேலை பார்த்த காலத்தில் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகும் பழக்கம் வந்தது. எங்கள் ஊரைத் தேடித்தான் முதலில் போனேன். 1680-களில் கிழக்கிந்தியக் கம்பெனி கூனிமேட்டில் ஒரு பண்டகசாலை வைத்திருந்தது. துணி வாங்கிக் கப்பலேற்றும் இடம். அவர்கள் ஏட்டில் ஊரின் பெயர் ‘கோனிமேர்’. கடலூர் பக்கத்தில் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-ல் வாங்கிப் புனித டேவிட் கோட்டை ஆக்கிய பிறகு எங்கள் ஊர் அவர்களுக்குத் தேவைப்படாமல் போனது. புனித ஜார்ஜ் கோட்டையின் ஆலோசனைப் புத்தகங்களை அச்சிட்டுத் தொகுதி தொகுதியாக வைத்திருக்கிறார்கள். கூட்டத்துக்கு யார் யார் வந்தார்கள், எந்தக் கடிதம் வாசிக்கப்பட்டது, என்ன முடிவானது, அடியில் கையெழுத்து. அதைப் பார்த்ததும் சிலிர்த்துவிட்டது. நாங்கள் கீற்றுக் கொட்டகையில் எழுதிய அதே முறை. கடல் கடந்து வந்து வியாபாரம் செய்த கம்பெனி இந்தக் கரையை ஆண்டதில் பீரங்கிக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு இந்தப் புத்தகங்களுக்கும் உண்டு என்று நினைக்கிறேன். ஆனால் நான் புரட்டிய பக்கங்களில், துணி நெய்தவருக்கும் வெளுத்தவருக்கும் அலையில் படகு தள்ளி மூட்டை ஏற்றியவருக்கும் பெயர் இல்லை. நெசவாளர்கள், படகுக்காரர்கள், அவ்வளவுதான். என் அம்மா அந்தக் காலத்தில் இருந்திருந்தால் அந்தப் பன்மையில் ஓர் ஆளாகத்தான் இருந்திருப்பார்.

இப்போது மன்றத்தின் செயலாளர் ஒரு பெண். வணிகவியல் படித்தவள், அவள் அம்மாவும் உப்பளத்துக்குப் போகிறவர்தான். 2023 அக்டோபரில் ‘மை பாரத்’ இளைஞர் தளம் வந்த பிறகு இளைஞர்கள் இணையத்தில் பெயர் பதிகிறார்கள். கூட்ட அழைப்பு வாட்ஸ்அப்பில் போகிறது. நோட்டையும் விடவில்லை. மழைக்கால மூன்று மாதத்துக்கு உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு தரும் 5,000 ரூபாய் வாங்க அடையாள அட்டை, வாரியப் பதிவு, வங்கிக் கணக்கு எல்லாம் சரியாக இருக்க வேண்டும். அதற்கென்று அவள் தனிப் பதிவேடு வைத்திருக்கிறாள். யாருடைய அட்டை எப்போது புதுப்பிக்க வேண்டும், யாருடைய ஆதாரில் பெயர் வேறாக இருக்கிறது என்று கட்டம் கட்டமாக. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து அளமெல்லாம் தண்ணீருக்குள் போன வாரத்தில், அந்தப் பதிவேட்டை நெகிழிப் பைக்குள் வைத்துக்கொண்டு அவள் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் ஊருக்கும் நடந்ததைப் பார்த்தேன்.

போன பொதுக்குழுவுக்கு என்னைச் சிறப்பு அழைப்பாளராகக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே எனக்கும் அவளுக்கும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகவில்லை. எதிர்த்தவர்கள் பெயரை இனி எழுத வேண்டாம், எண்ணிக்கை போதும் என்பது அவள் கட்சி.

“சித்தப்பா, உங்க காலத்துல நோட்டு பெட்டிக்குள்ள இருந்துது. இப்ப ஒருத்தன் போன்ல போட்டோ எடுத்து நிமிஷத்துல ஊர் பூரா அனுப்பிடுறான். பேர் வரும்னு பயந்தா, சின்னப் பசங்க, முக்கியமா பொண்ணுங்க, எதிர்த்துக் கை தூக்கவே மாட்டாங்க.”

அவள் சொல்வதில் நியாயம் இருந்தது. இருந்தாலும் மைதானத் தீர்மானத்தைச் சொல்லி நான் வாதாடினேன். பெயரும் காரணமும் இல்லாமல் எண் மட்டும் இருந்திருந்தால், மறு வருடம் எழுந்து நின்று உண்மை சொல்ல அந்த மனிதருக்கு என்ன பிடிமானம் இருந்திருக்கும் என்று கேட்டேன். நன்றாகப் பேசினார்கள், என் மகன் வயதுப் பிள்ளைகள். இறுதியில், எதிர்த்தவர் தானே கேட்டுக்கொண்டால் மட்டும் பெயரும் காரணமும் பதிவாகும் என்று பெரும்பான்மையில் தீர்மானம் ஆனது. எனக்கு வாக்கு இல்லை. என் கருத்தையாவது பதிவு செய்யுங்கள் என்று கேட்டேன். அவள் அங்கேயே எழுதி, வாசித்துக் காட்டி, “நீங்க சொன்னது இதுதானே சித்தப்பா?” என்றாள். ஒரு சொல்லை மாற்றச் சொன்னேன். ஒரே கோடு இழுத்துத் திருத்திச் சுருக்கொப்பம் வைத்தாள். நான் கையெழுத்துப் போட்டேன்.